லாடக் குளமும் என் மூக்கும்

அல்சூர் ஏரிக்குக் கிழக்கே, கள்ளியும் பாம்புப் புற்றும் தவிர எதுவும் இல்லாத மேட்டு நிலத்தில் முதல் ஊதுவத்திக் கொட்டகை போட்டவன் நான். அதைக் காற்று தூக்கிக்கொண்டு போனது. மறுபடி போட்டேன். பிறகு ஓடு வேய்ந்தேன், அதன் பிறகு தளம் போட்டேன். வெறும் பாறை, தண்ணீர் வராது என்று எல்லோரும் சிரித்த இடத்தில் கிணறு வெட்டினேன், வந்தது. சப்பென்று வந்தது என்பது வேறு விஷயம், வந்ததா இல்லையா? எனக்குக் கடனுக்கு மூங்கில் கொடுக்கமாட்டேன் என்று விரட்டிய வியாபாரியின் கடையையே பின்னாளில் வாங்கினேன். சந்தன எண்ணெய் கண்ணிலேயே படாத ஒரு காலத்தில், கையில் இருந்ததை வைத்து ஒரு கலவை செய்தேன். அதைத்தான் இன்றைக்கும் பெங்களூரில் எத்தனையோ வீட்டுப் பூஜை மாடத்தில் கொளுத்துகிறார்கள். பெண்களை நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதையும் முழுதாகப் படித்தேன் என்று சத்தியம் செய்யமாட்டேன்.

படித்தவர்கள் கலவையைக் காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்வார்கள். நான் மோந்து பார்ப்பேன், தீர்ந்தது. என் முதலீடு முழுக்க இந்த மூக்குதான். ஆனால் இந்த மூக்கு செய்த முதல் பெரிய காரியம் வத்தி சம்பந்தப்பட்டது இல்லை. எட்டு வயதில் இது ஒரு குடும்பத்தையே கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனது.

அப்போது நாங்கள் அல்சூரில், தேர் ஓடும் தெருவுக்குப் பின்னால் ஒரு நீள வீட்டில் கூட்டாகக் குடியிருந்தோம். வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த பகுதிக்குத் தண்டு என்று பெயர், நாங்கள் தண்டுக்காரர்கள். வீட்டின் முன்கட்டு முழுக்க ஊதுவத்தி வேலை. பெரியப்பாதான் முதலாளி. அப்பா கரித்தூளும் வாசனைப் பொடியும் கலப்பார். சித்தப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னை வரைக்கும் போய் விற்றுவிட்டு வருவார். பெரியம்மாவும் அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரும் ஆளுக்கொரு பலகை போட்டு உட்கார்ந்து, ஈர மாவை மூங்கில் குச்சியில் உருட்டுவார்கள்.

வெளியே சொல்லக்கூடாத தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன். வருஷக்கணக்காக அந்தப் பொடியை இழுத்து இழுத்து எங்கள் வீட்டுப் பெரியவர்களின் மூக்கு செத்துப்போயிருந்தது. அடுப்பில் குழம்பு அடிபிடித்தால்கூடப் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னால்தான் தெரியும். பெரியப்பா சந்தனத்தூளை விரலில் தேய்த்து, நாக்கில் வைத்துத் தரம் சொல்வார். பார்க்கிற வியாபாரிகள் அதை ஏதோ பெரிய வித்தை என்று நினைத்துக்கொள்வார்கள். மோப்பம் என்பது அந்த வீட்டில் என் ஒருவனிடம்தான் மிச்சம் இருந்தது. அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

பெங்களூரில் எல்லாம் உண்டு, கடல் மட்டும் கிடையாது. அந்தக் கோடையில் தண்டு முழுக்க லாடக் குளம், லாடக் குளம் என்று அதே பேச்சாக இருந்தது. சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் பாறைகள் குதிரை லாடம் மாதிரி வளைந்து நிற்குமாம். அலையைப் பாறை வெளியே நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் உள்ளே விடுமாம். யாரும் வெட்டவில்லை, யாரும் கட்டவில்லை, தானாக அமைந்த குளம். விடியற்காலையில் துரைமார்கள் மோட்டாரில் வந்து நீந்திவிட்டுப் போனபிறகு மற்ற சனமெல்லாம் இறங்கும். அங்கே போய்வந்தவர்கள் எங்கள் தெருவில் நடக்கிற நடையே மாறிப்போயிருந்தது.

அடுத்த வீட்டு ஜட்காக்காரர் மகன் போய்வந்து, ஒரு பாட்டிலில் கடல் தண்ணீர் கொண்டுவந்திருந்தான். ஒரு சொட்டு நக்கிப் பார்க்க ஒரு கோலிக்குண்டு. நானும் கொடுத்தேன், நக்கினேன். உப்பு. எங்கள் வீட்டு உப்பு ஜாடியில் சும்மா கிடைக்கிற அதே உப்பு. ஆனாலும் அன்றையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நானும் அந்தக் குளத்தில் குதிக்க வேண்டும், அவனிடம் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஆனால் வீட்டில் இன்னொருவருக்கு அந்தக் குளம் என்னைவிட அதிகமாக வேண்டியிருந்தது. அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. படிக்கிற உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அம்மா பிறந்த ஊர் அந்தக் குளத்திலிருந்து கூப்பிடு தூரம். எனக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் மடியில்தானே குழந்தையை உட்காரவைக்க வேண்டும்? அம்மா வீட்டார் கால்வாய்ப் படகு பிடித்து, ரயில் பிடித்து, தண்டு ஸ்டேஷனில் இறங்கி, சீர்த்தட்டோடு எங்கள் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் நல்ல நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. பெரியப்பா பொறுக்கவில்லை. யாரோ ஒரு பங்காளி மடியில் என்னை உட்காரவைத்துக் குத்தச் சொல்லிவிட்டார். என் அம்மாவின் அப்பா தட்டை வாசற்படியிலேயே வைத்துவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி நடந்தார். "சாப்பிடாம போனவன் வீட்டு வாசல இனி நம்ம வீட்டுல யாரும் மிதிக்கக் கூடாது" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா தன் அப்பாவைப் பார்க்கவில்லை. அந்தப் பேச்சையே வீட்டில் யாரும் எடுப்பதில்லை. எனக்கு ஒரு தாத்தா உயிரோடு இருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. என் காதால் வந்த சண்டை, என் காதிலேயே விழாமல் வளர்த்தார்கள்.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் முன்கட்டில் இருக்கும்போது சித்தப்பா ஆரம்பித்தார்.

"அண்ணே, தொட்டில்ல போட்டு ஆட்டற மாதிரி இருக்கும்ண்ணே. அலை வெளியவே நின்னு சலாம் போட்டுட்டுத் திரும்பிப் போயிடும். தண்டே போய்ட்டு வருது, நாம மட்டும் இங்க குந்திக்கிட்டுக் கரிய மோந்துக்கிட்டிருக்கோம்."

"எனக்குத் தண்ணில கண்டம்டா" என்றார் பெரியப்பா. "ஜாதகத்துலயே இருக்கு."

"நீங்க எறங்க வேணாம். மணல்ல குந்திக்கிட்டு வேடிக்கை பாருங்க."

"கடல் மேல ஏறி வந்துட்டா?"

பலகையிலிருந்து பெரியம்மா சிரித்தாள். "ஆமா, உங்களத் தேடிக்கிட்டுக் கடல் வருதாக்கும்! சனிக்கெழம எண்ணெ தேச்சிக் குளிக்க வைக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போவுது. கண்டமாம் கண்டம்."

"அண்ணன் சொன்னா சரிதான்" என்றார் அப்பா. பெரியப்பா இன்னும் எதுவுமே முடிவாகச் சொல்லவில்லை. அப்பாவுக்கு அது ஒரு பழக்கம்.

பெரியப்பா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "வேலய விட்டுட்டு ஊரு சுத்தறது பேஜாரு. சரி, எந்தப் பக்கம்டா இருக்குது அது?"

"சென்னைக்குத் தெக்கால."

"அந்தப் பக்கமா" என்றார் பெரியப்பா.

பலகைகளில் உருட்டுகிற சத்தம் நின்றுபோனது. கண்டம் என்பது வெளியே சொன்ன காரணம்தான் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியாது. பெரியப்பா அப்பாவைப் பார்த்து, "உங்க வீட்ல என்ன சொல்றாங்க?" என்றார். அம்மா அவருக்கு நேராக நின்று பேசுகிற வழக்கம் இல்லை. தலையைக் குனிந்தபடி பலகையைப் பார்த்தே, "எனக்கென்ன இருக்குது. பெரியவங்க சொல்றதுதான்" என்றாள்.

"குச்சியப் பாரு!" என்று பெரியம்மா கத்தினாள். அம்மா உருட்டிய வத்தி ஒரு பக்கம் எலி வால் மாதிரியும் மறு பக்கம் முருங்கைக்காய் மாதிரியும் வந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரே சீராக உருட்டக்கூடியவள் அம்மா.

சித்தப்பா விடவில்லை. "நானும் சொல்லல, நீங்களும் சொல்லல. பூக்கட்டிப் பாத்துடலாம்ண்ணே. சாமி சொல்லட்டும்."

பெரியப்பாவால் அதை மறுக்க முடியவில்லை. அவர் மூங்கில் வாங்குவதற்கும் பூக்கட்டிப் பார்ப்பார், பல் பிடுங்குவதற்கும் பூக்கட்டிப் பார்ப்பார். ஒரு இலையில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்துக் கட்டி முருகன் படத்துக்கு முன்னால் வைத்து, விவரம் தெரியாத குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. எங்கள் வீட்டில் எப்போதும் கொல்லையில் பூக்கிற நந்தியாவட்டையும் செம்பருத்தியும்தான் வைப்பார்கள். இரண்டுக்கும் வாசனை கிடையாது.

பெரியம்மாவின் கை முழுக்க மாவு. "நீயே கட்டிக் கொண்டாடி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா எழுந்து கொல்லைக்குப் போனாள். போனவள் வர நேரமாயிற்று. வந்தபோது தையல் இலையில் மடித்த இரண்டு பொட்டலங்களும் நன்றாக வாழை நாரால் கட்டப்பட்டிருந்தன. ஆனால் அவள் தலையில் காலையில் வைத்திருந்த மல்லிகைச் சரம் கொஞ்சம் குட்டையாகியிருந்ததைப் பெரியம்மா கவனித்துவிட்டாள்.

"ஏன்டி, நந்தியாவட்டை எங்க போச்சு?"

"ஆடு மேஞ்சிட்டுப் போயிடுச்சிக்கா."

"ஆடா? நம்ம கொல்லையிலயா?"

"வெள்ளன்னா வெள்ளதானே, விடு" என்றார் பெரியப்பா. வாசனையை வைத்துப் பிழைக்கிற அத்தனை பேர் அங்கே உட்கார்ந்திருந்தோம். மல்லிகைக்கு வாசனை உண்டு என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

படத்துக்கு முன்னால் எங்கள் சரக்கிலேயே உசத்தியான வத்தியைக் கட்டாகக் கொளுத்திவைத்தார்கள். புகையில் முருகனுடைய மயில்தான் தெரிந்தது, முருகனைக் காணோம். விவரம் தெரியாத குழந்தை என்று என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். "நல்லா சாமியக் கும்புட்டுட்டு ஒண்ண எட்றா" என்றார் பெரியப்பா.

நான் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். மூக்கு சரியாக இரண்டு பொட்டலத்துக்கும் நடுவில் போய் நின்றது. வலது பக்கம் இழுத்தேன்: இலை, நார், மாவு. இடது பக்கம் இழுத்தேன். அந்தச் சாம்பிராணி, சந்தனம், கரி எல்லாவற்றையும் தாண்டி, ஊசி மாதிரி மெல்லிசாக மல்லிகை வந்தது. சந்தேகத்துக்கு இன்னொரு தரம் வலது, இன்னொரு தரம் இடது.

"எவ்வளவு நேரம்டா கும்புடுவே? பக்தி முத்திப் போச்சா?" என்றாள் பெரியம்மா.

இடது பொட்டலத்தை எடுத்துப் பெரியப்பா கையில் கொடுத்தேன். அவர் நாரை அறுத்தார். மல்லிகை. சித்தப்பா சீட்டியடித்தார். பெரியப்பா அந்தப் பூவை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சாமியே சொன்னப்புறம் என்ன இருக்குது. டிக்கெட்டுக்குச் சொல்லுடா" என்றார். அம்மா அதற்குள் அடுக்களைக்குப் போய்விட்டாள். உள்ளே ஒரு பித்தளைத் தவலை கீழே விழுந்து உருண்டது. யாரும் திட்டவில்லை.

ரயில், பிறகு கால்வாய்ப் படகு, பிறகு சவுக்குத் தோப்புக்குள் நடை என்று போய்ச் சேர்ந்தோம். சித்தப்பா சொன்னதில் பாதிகூடப் பொய் இல்லை. நிஜமாகவே லாடம்தான். வெளியே கடல் பாறையில் முட்டி வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, உள்ளே தண்ணீர் மூச்சு விடுவதுபோல ஏறியது, இறங்கியது. நான் பயப்படவில்லை. கால் கொஞ்சம் நடுங்கியது, அது குளிர். சித்திரை மாதத்தில் குளிரா என்று கேட்காதீர்கள்.

பெரியப்பா தண்ணீரிலிருந்து நல்ல தூரத்தில், மணலில் ஜமக்காளம் விரித்து, கடல் பக்கமிருந்து அடிக்கிற காலை வெயிலுக்குக் குடையை விரித்து உட்கார்ந்துகொண்டார். பெண்கள் இடுப்பளவு ஆழத்தில் கை கோத்து நின்று முழுக்குப் போட்டார்கள். அப்போதுதான் அம்மா பெரியம்மாவின் கையை விட்டுவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குப்புறப் பாய்ந்தாள். பாறைவரை போய் அதைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். எங்கள் வீட்டில் அத்தனை வருஷமாக வத்தி உருட்டியவளுக்கு நீந்தத் தெரியும் என்று ஒருவருக்கும் தெரியாது. "அடிப்பாவி, மீனாப் பொறந்தவளக் கொண்டாந்து பலகையில குந்தவெச்சிட்டோமே!" என்று பெரியம்மா வாயில் கைவைத்துக்கொண்டாள்.

திரும்பி நீந்தி வந்த அம்மா பாதியிலேயே நின்றுவிட்டாள். கழுத்தளவு தண்ணீர். அவள் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். தெற்கே, பனைகள் முடிகிற இடத்தில், இரண்டு கையிலும் நுங்குக் குலையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு கிழவர் நின்றிருந்தார். கிட்டே வரவும் இல்லை, போகவும் இல்லை.

பெரியம்மாவும் பார்த்தாள். அம்மா கரையேறியதும், மணலில் வைத்திருந்த உலர்ந்த துண்டை எடுத்து அவள் மேல் போர்த்தினாள். "புள்ளக்கி ஒரு நுங்கு வாங்கிக் குடுத்துட்டு வா, போ" என்றாள். குரல் எப்போதும்போல அதட்டலாகத்தான் இருந்தது.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். பிடி வலித்தது. கிழவர் மணலில் உட்கார்ந்து அரிவாளால் ஒரு காயைச் சீவி, என்னிடம் நீட்டினார். கட்டைவிரலால் நுங்கைக் குத்தி உறிஞ்சினேன்.

"பேரு என்ன சாமி?"

பேரைச் சொன்னேன். அதோடு நிறுத்தாமல், எங்கள் பெரியப்பா பெரிய வத்தி முதலாளி என்றும், எங்கள் வத்தி சென்னைவரைக்கும் போகிறது என்றும் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு என் காது மடலைப் பிடித்துத் திருப்பி, துளையை உற்றுப் பார்த்தார். "ஒழுங்காத்தான் குத்தியிருக்காங்க" என்றார். மறு பக்கத்துக் காதையும் பார்த்தார். என் தலையைத் தன் முகத்தோடு சேர்த்து உச்சி மோந்தார். அவ்வளவு நீளமாக மூச்சு இழுத்து யாரும் என்னை மோந்ததில்லை. தொழில்காரர் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன்.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"முட்டி வலி எப்பிடி இருக்குது?"

"மழ வந்தா கொஞ்சம்" என்றார் அவர்.

நுங்குக்காரன் முட்டியைப் பற்றி அம்மாவுக்கு என்ன கவலை என்று எனக்குப் புரியவில்லை. நான் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தேன், அவரிடமும் ஒரு நுங்கைக் காட்டலாமே என்று. அவர் குடையை எங்கள் பக்கமாகச் சாய்த்து, கிட்டத்தட்ட மணலைத் தொடுகிற மாதிரி தாழ்த்திப் பிடித்திருந்தார். அவருக்கு நாங்கள் தெரியமாட்டோம். வெயிலோ நேர் எதிரில், கடல் பக்கமிருந்து, அவர் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய முதலாளிக்குக் குடை பிடிக்கத் தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் திரும்பிவரும்வரை அவர் அந்தக் குடையை அசைக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் ஜட்காக்காரர் மகனிடம் நீச்சலைப் பற்றிச் சொன்னேன், பாறையைத் தொட்டது நான் என்று சொன்னேன். கிழவரைப் பற்றிச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த பொங்கலுக்கு அதே கிழவர் ஒரு துணிப் பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். பெரியப்பா எழுந்துபோய் அந்தப் பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். "தாத்தாவுக்கு மொதல்ல தண்ணி கொண்டா" என்றார். நான் நுங்குக்காரருக்கா என்று கேட்டேன். அப்பா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். அந்தக் குட்டுக்குக் காரணமும் எனக்கு உடனே விளங்கவில்லை.

சித்தப்பா இன்று இல்லை. அவர் மகன் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், "எங்கப்பாதான் ரெண்டு வீட்டயும் சேத்துவெச்சாரு" என்று ஆரம்பித்துவிடுகிறான். படகுக்காரனிடம் தாத்தாவுக்குச் சொல்லியனுப்பியது சித்தப்பாதான், அதை நான் மறுக்கவில்லை. அம்மா ஊர்க்காரர்கள் எல்லாம் முருகன் உத்தரவு என்கிறார்கள். முருகன் பாவம், அவர் அன்றைக்குப் புகையில் கண்ணே திறக்கவில்லை. பக்கத்தில் படுத்திருந்தவன் நான். பெரியப்பா குடை பிடித்தார், அதையும் ஒத்துக்கொள்கிறேன். அம்மா நந்தியாவட்டையை விட்டுவிட்டு ஏன் தன் தலைப் பூவைக் கிள்ளி வைத்தாள் என்று, எனக்குப் பேரன் பேத்தி பிறந்தபிறகு ஒருநாள் கேட்டேன். "ஆடு மேஞ்சிடுச்சிடா" என்று சிரித்தாள். எங்கள் கொல்லைக்கு ஆடு வருகிற வழியே கிடையாது.

ஆக, எல்லோரும் அவரவர் பங்கைச் செய்திருக்கிறார்கள். ஆனால் அத்தனை புகைக்கு நடுவே, இடது பக்கம் இருப்பதுதான் மல்லிகை என்று பிரித்தறிந்தது யார்? நான் வலது பக்கத்தை எடுத்திருந்தால் படகுக்காரனும் இல்லை, குடையும் இல்லை, அம்மாவின் நீச்சலும் இல்லை. இனி எந்தப் பந்தியில் யார் இந்தக் கதையைச் சொன்னாலும் சரி, முதலில் என் பெயரைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாதவன் பாயசத்தில் கை வைக்கக்கூடாது.